கடைசிச் சுருள்

பீடோர் கொட்டகையில் நான் டிக்கெட் கொடுத்த காலம்.
ஒரு படம், இரண்டு ஊர்.
தாப்பாவில் ஓடி முடிந்த சுருளை
ஹாரூன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான்.
ஒன்பது மைல். மழையென்றால்
பதினெட்டு என்பான்.

அந்த வாரம் இத்தாலிக்காரர் படம்.
எல்லாரும் கையாலேயே பேசினார்கள்.
அடியில் ஓடிய மலாய் எழுத்தை
முன்வரிசையில் ஒருவன் உரக்கப் படிக்க,
பக்கத்தில் இருந்தவன் தமிழில் வேறு கதை சொன்னான்.
கடன்காரனைக் கண்டால் தெரு மாறும்
ஒரு குதிரைப் பைத்தியம்;
அவனைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும்
தையற்கடைப் பெண்.
எனக்கு எந்த எழுத்தும் தேவைப்படவில்லை.

கோதண்டம், உன்னைத்தான் சொல்கிறேன்.
வாரம் முழுக்க ஸ்டோரில் பால் நிறுப்பாய்.
ஞாயிறு விடிந்தால் ஈப்போ பஸ்.
போகும்போது ஜன்னல் சீட்டு,
திரும்பும்போது எவன் லாரியிலோ
கித்தா ஷீட்டு மேல்.
"ஒரு குதிரை முந்தட்டும் பாக்கியம்,
மறுநாளே தாலி."
ஐந்து வருடம்.
முந்தாத குதிரைகளின் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்;
உன் சித்தப்பாமார் பேர்கூட அப்படி வராது.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம்.
வெள்ளைக் குதிரையும் கறுப்புக் குதிரையும்
கழுத்தோடு கழுத்தாகக் கடைசி வளைவு திரும்ப,
சுருள் தீர்ந்தது.
வெறும் துணி. விளக்கு. கொசு.
ஹாரூன் இன்னும் வரவில்லை.

கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தார்கள்.
பிறகு இருட்டு மூலையிலிருந்து எவனோ,
"வெள்ளை, அஞ்சு வெள்ளி!"
அவ்வளவுதான்.
கச்சான் பொட்டலத்தில் கணக்கு எழுதினார்கள்.
தண்டல் ராயப்பர் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார்.
சவரக்கடைக்காரர் மட்டும்
இரண்டு குதிரை மேலும் கட்டிவிட்டு
நிம்மதியாய்ச் சுருட்டு பற்ற வைத்தார்.

நீ என் கூண்டுக்கு ஓடி வந்தாய்.
சட்டைப் பையில் எண்பது வெள்ளி போனஸ்,
அது துடிப்பது வெளியே தெரிந்தது.
"எது பாக்கியம்?"

எனக்குத் தெரியும்.
போஸ்டர் ஒட்ட வந்த அன்றே
ஹாரூனிடம் கேட்டு வைத்திருந்தேன்.
கறுப்பு. மூக்கு நீளத்தில்.

"வெள்ளை" என்றேன்.
கண்ணிமைக்கவில்லை.
நீ போனதும்
மெஷின் ரூம் லியோங்கிடம் நீட்டினேன்
என் எண்பதை, கறுப்பின் மேல்;
பேர் சொல்லாதே என்று.

நனைந்த ஹாரூன், நனையாத டப்பா.
விளக்கு அணைந்தது.
கறுப்பு.
கூரைத் தகரம் பறந்துவிடும்போல் கத்தினார்கள்.
திரையில் அந்தத் தையற்கடைப் பெண்
தோற்றவனைத் தேடி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
ஓடியதை யாரும் பார்க்கவில்லை;
காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
நான் பார்த்தேன், கூண்டு ஓட்டை வழியே,
பாதி முகமாக.

உன் போனஸில் இரண்டு கிராம் தாலி,
மிச்சத்துக்கு ஒரு இரும்புக் கட்டில்.
"ஏது காசு?" என்றாய்.
"சீட்டு விழுந்தது."
பொய்யில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் துவையல்.
உன் நல்ல கால்சட்டைப் பையில்
மடித்த ஒரு துண்டுச் சீட்டு:
தாப்பா கொட்டகை,
அதே வெள்ளிக்கிழமை,
மூன்று மணி ஆட்டம்.

சோப்பு நுரையோடு வந்து உன் முன்னால் நின்றேன்.
குதிரைப் பேப்பரிலிருந்து
நீ தலை நிமிரவில்லை.
"தாப்பாவுல கறுப்புதான் ஜெயிச்சுது.
பீடோருல எப்படியோன்னு நெனச்சேன்.
நீ வேற வெள்ளைன்னு சொன்னியா..."

அது கெட்டிக்காரப் பொய்யா,
இல்லை, நிஜமாகவே
அப்படி ஒரு மண்டையா?
பிழிந்த துணியை
இன்னொரு தரம் பிழிந்தேன்.

நாளை ஞாயிறு.
ஈப்போ பஸ் காசை
அரிசிக்குள் இன்னும் ஒரு சாண்
ஆழமாய்ப் புதைக்க வேண்டும்.