சம்மதம்

பேரணாம்பட்டு ரேஷன் கடையில்
மூன்றாம் முறையும் சிவப்பு விளக்கு.
"இன்னும் அழுத்தி வைங்கக்கா."
அழுத்த என்ன இருக்கிறது?
தோல் ஷாப்பில் பதினோரு வருடம்,
சுண்ணாம்புத் தொட்டி ரேகையைத் தின்றுவிட்டது.

இந்த மாதம் புதுக் கருவி.
கண்ணைக் காட்டினேன். ஒரே நொடி.
மேரி புஷ்பலதா என்றது.
அரிசி வந்தது. பொய் சொல்வானேன்,
சந்தோஷம்தான்.

நேற்று ஷிப்ட் முடிகையில்
சூப்பர்வைசர் ஒரு தாள் நீட்டினார்:
வாசலில் கேமரா, முகம்தான் இனி வருகைப்பதிவு,
சட்டப்படி உங்கள் சம்மதம் வேண்டும்.
எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்,
யார் யார் பார்ப்பார்கள் என்றேன்.
பின்னால் பாரும்மா, வரிசை நிற்கிறது என்றார்.

கையெழுத்து செல்லாதாம்.
மை டப்பாவைத் தள்ளினார்.
கட்டைவிரலை உருட்டி எடுத்தேன்.

தாளில்
வழவழவென்று ஒரு நீலப் பொட்டு.
யாருடையதாகவும் இருக்கலாம்.