திரைச்சீலைக்கு எத்தனை பிட்

ஞாயிறு இரவு, புந்தா அரேனாஸ்.
நாளைய படகுச் செய்தியைக்
கைமொழியில் பதிய வேண்டும்.
நீரிணைக்கு அக்கரையில் என்னைப் போலக் காதுகேளாதோர் பதினேழு பேர்.
அவர்களுக்குச் செய்தி என்றால் என் பத்து விரல்.

அங்கே இணையம் சொட்டுக் குழாய்.
நான்கு நிமிடக் காணொளி
இருபது எம்பியைத் தாண்டினால்
வட்டம் சுற்றும், சுற்றும், விடியும்.

போன வாரம் ஐந்து மணிப் படகு என்றேன்.
பிட்ரேட்டை நெருக்கியதில் கட்டைவிரல் கரைந்துபோய்
நான்கு மணிக்கே வந்து நின்றார் ஒவிதியோ,
ஆட்டு மயிர் கத்தரிப்பவர்,
துறையில், ஆலங்கட்டி மழையில், முழுசாய் ஒரு மணிநேரம்.
கட்டைவிரலைத் தேடிப் பிடி,
இல்லையேல் இருமல் மருந்துக்குக் காசு அனுப்பு
என்றார் மறுநாள்.

ஆகவே இன்று அமைப்புகளைத் திறந்தேன்.
கோடெக் ஒரு சுருக்குப்பைக்காரி.
அசையாததற்குச் சல்லி தரமாட்டாள்.
சுவரா? முன்பு பார்த்த அதே சுவர்தான், போ.
நெற்றியா? போன ஃப்ரேமின் நெற்றி போதும்.
அசைவதற்கு மட்டும் முடிச்சை அவிழ்ப்பாள்.

முப்பது ஃப்ரேமை அறுபது ஆக்கினேன்.
படத்தின் உயரத்தை எழுநூற்று இருபதுக்கு இறக்கினேன்.
பூப்போட்ட சட்டையைக் கழற்றிக் கறுப்பு அணிந்தேன்.
ஒலித்தடம் என்றொரு பெட்டி;
அதில் நூற்றிருபத்தெட்டு கிலோபிட்
யாருக்கோ வெட்டியாய்ப் போய்க்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை எகிறி எகிறிக் குதித்தது.
காற்று போலும்.
எனக்கென்ன தெரியும்.
அணைத்து, விரல்களின் கணக்கில் சேர்த்தேன்.

அப்போதும் ஐந்து, நான்காகவே தெரிந்தது.

பதிவை ஒவ்வொரு ஃப்ரேமாய் நகர்த்துகையில்
பிடிபட்டாள் கள்ளி:
என் முதுகுக்குப் பின்னால், ஜன்னலின் திரைச்சீலை.
சட்டத்தின் இடுக்கில் நுழையும் காற்றில்
ஒரு மடிப்பு விழ, இன்னொரு மடிப்பு எழ,
அத்தனையையும் கோடெக் விசுவாசமாய் எழுதிக்கொண்டிருந்தது.
பையிலிருந்த காசெல்லாம் துணிக்கு.
என் கைக்கு மிச்சம் நாலைந்து சதுரம்.

அவளைச் சுருட்டி அலமாரியில் திணித்துவிட்டு
ஜன்னல் மேல் சாம்பல் போர்வையை ஆணியடித்தேன்.
பதினெட்டு எம்பி.
கட்டைவிரல், நகத்தோரத்துக் கீறல் வரை தெளிவு.
பெருமையோடு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

விடிகாலையில் பதில்.
கொட்டில் வாசலில் ஒவிதியோ;
பின்னால் புல்வெளி மொத்தமும் சாய்ந்து சாய்ந்து ஆட,
முகம் கட்டம் கட்டமாய் உதிர்ந்தது.
கைகளை மார்போடு ஒட்டிவைத்து மெதுவாகக் கேட்டார்:

கட்டைவிரல் கிடைத்துவிட்டது, நன்றி.
திரைச்சீலை எங்கே?

நேரத்தை நீ சொல்வாய்.
கிளம்புவதா வேண்டாமா என்று
அதைப் பார்த்துத்தானே முடிவுசெய்வோம்.
ஓரம் நடுங்கினால் புறப்படுவோம்.
நடுவயிறு உப்பினால்
குதிரையின் சேணத்தை இறக்கிவிடுவோம்.

ஆறு வருஷம்.
எனக்குப் பின்னால் நின்று
இன்னொருத்தி செய்தி வாசித்திருக்கிறாள்,
என்னைவிடச் சரியாக.
நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஆணிகளைப் பிடுங்கினேன்.
தரத்தின் எண்ணை இருபத்தாறிலிருந்து இருபத்துமூன்றுக்கு இறக்கினேன்;
அந்த எண் குறையக் குறையக் கோப்பு வீங்கும்.
இருபத்தாறு எம்பி. ஆகாது.
வேறு எதைக் குறைப்பது?
என்னைத்தான்.
முகமன் போயிற்று.
எரிவாயு விலைப் புலம்பல் போயிற்று.
என் மைத்துனன் சொன்ன ஜோக், அதுவும்.
நான்கு நிமிடம் மூன்றானது.

கடைசிப் பத்து நொடிக்கு
கைகளைத் தொங்கவிட்டு
ஃப்ரேமை விட்டு விலகி நின்றேன்.

அவள் வயிறு உப்பிக்கொண்டே போனது.