ஆறு டிக்கெட்

முதல் பாகத்தில் எல்லோரும் தப்பித்தார்கள்.
மழை பெய்தது, கப்பல் கிளம்பியது.
நாகர்கோவிலில் நாற்பது நாள் ஓடியது.
கப்பல் நகர்ந்தபோது
பிரைட் சிங் அடித்த விசிலில்
முன்வரிசைக் குழந்தை ஒன்று விழித்து அழுதது.

இரண்டாம் பாகத்தில்
பத்தாவது நிமிடமே நாயகன் செத்துப்போகிறான்,
தூக்கத்தில்.
பின்னணியில் ஒரு வயலின்கூட இல்லை.
பிறகு
கடல் வற்றிப்போன துறைமுகம்,
கறுப்பு மணல்,
வராத ரயில்களின் வருகையை
விடாமல் அறிவிக்கும் ஒரு குரல்,
ஒரே ஒரு பெண்.
தினமும் தொட்டிக்குள் கம்பை இறக்கி
ஈரம் ஏறிய அளவைச் சுவரில் எழுதுகிறாள்.
அறுபத்திரண்டு.
அறுபது.
ஐம்பத்தொன்பது.
கதை அவ்வளவுதான்.

"சவம், இந்த மணலப் பாக்கவா நூத்தியிருவது ரூவா?
எங்க மணவாளக்குறிச்சியில
சும்மால்லா கிடக்கு மக்கா"
என்றான் பிரைட் சிங்.
இடைவேளையில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கப் போனவன்
திரும்பவில்லை.
பைக்கும் அவனுடையது.

வடசேரியில் கடைசி பஸ்ஸுக்கு நின்றபடி
எனக்கு ஏன் பிடித்தது என்று யோசித்தேன்.
கோயம்புத்தூர் கம்பெனி
ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படும் என்கிறது,
ஏழு மாதமாக.
போதகர் எல்லாம் நன்மைக்கே என்கிறார்.
வங்கியில், லோன் கிடைச்ச மாதிரிதான் சார், என்கிறார்கள்.
இந்தப் படம் ஒன்றுதான்
இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது.
சொல்லிவிட்டு
இன்னும் இரண்டு மணி நேரம்
என்னோடு உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு.
ஒவ்வொரு முறையும் கம்பை அவள்
சட்டை நுனியால் துடைத்துச் சாய்த்து வைப்பாள்.
வாசிக்க ஆளில்லாத சுவருக்கு
அத்தனை சுத்தம்.
ஆரல்வாய்மொழியில்
இரவு இரண்டு மணிக்குக் காற்றின் வேகத்தை
நோட்டில் எழுதும்போது
என் கையெழுத்து கொஞ்சம் திருந்தியிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை போனது வியாழக்கிழமை.
"ஆறு பேர் இல்லாம ஷோ போட மாட்டாங்க அண்ணே"
என்றான் கவுண்டர் பையன்.
எனக்குப் பின்னால் ஒருத்தி.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி அட்டை
இன்னும் கழுத்தில்: ரெஜிலா, ஆய்வகம்.
என்னைப் பார்த்தாள்,
பையனைப் பார்த்தாள்,
"மூணு குடு" என்றாள்.
நானும் மூன்று வாங்கினேன்.

நானூறு பேருக்கான இருட்டில்
நாங்கள் இருவர், எட்டு வரிசை இடைவெளியில்.
காசு கொடுத்து உட்காரவைத்த நால்வர்
எங்கே என்று தெரியவில்லை.
நடுவில் எங்கோ அவள் ஒருமுறை சிரித்தாள்,
ரயில் அறிவிப்புக் குரல்
தாமதத்துக்கு வருந்தியபோது.
அது சிரிக்கும் இடம் என்பது
அன்றுதான் தெரிந்தது.

வெளியே ஆடிச் சாரல்.
ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"கடைசியில அவ எழுதினது நாப்பத்தொண்ணு தானே?"
ஆமாம் போல, என்றேன்.
"முந்தின நாளு நாப்பதாக்கும்."

மூன்று முறை பார்த்தவன் நான்.
கடைசிக் காட்சியில் எப்போதும்
அவள் விரல்களைத்தான் பார்த்திருக்கிறேன்,
சுவரை அல்ல.
"அப்போ தண்ணி ஏறுதா?"
"தெரியல்ல. நைட் டூட்டி முடிச்சு நேரா வந்தேன்,
கண்ணு சொருகிட்டு."
ஹெல்மெட்டை மாட்டினாள்.
பார்வதிபுரம் பக்கம் திரும்பும் வரை
பின்விளக்கு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போனேன்.
வாசலில் பால்குடம், செண்டை,
கண்ணாடி போட்ட வேறொருவனின் கட்டவுட்.
கூட்டத்தை விலக்கி, கவுண்டர் துளையில் குனிந்து,
"தம்பி, நாற்பதா நாற்பத்தொன்றா?" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரை ஒரு நிமிடம் தேடினான்.
"ரெண்டும் போயிட்டு அண்ணே,
ஓரத்துல ஒண்ணு கிடக்கு,
போடவா?"