இரவு 2.14

முப்பது கட்டில் இருந்த காலத்தில்
ஒரு பீரோ போதும் எங்களுக்கு.
சாவி என் இடுப்பில்.
பூட்டு கெட்டுப்போய் வருஷக்கணக்காயிற்று என்பது
எனக்கும் வார்டு பாய் அங்கமுத்துவுக்கும் மட்டும் தெரியும்.

இப்போது இருநூற்றுப் பத்து கட்டில்.
ஓமலூர் ரோட்டைப் பார்த்துக் கண்ணாடி முகப்பு.
ஐந்தாவது மாடியில் நின்றால்
ஏற்காட்டு மலையில் மேகம் இறங்குவது தெரியும்.
பதிவேட்டு அறை தரைக்குக் கீழே.
எங்களுக்கு மேகம் தண்ணீராக வந்தால்தான் தெரியும்:
போன ஐப்பசியில் படிக்கட்டு வழியாக வந்து
'ப' வரிசையை முழுக்க நனைத்தது.
ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்தோம்
பதினேழு பழனியம்மாள்களை.

கொண்டலாம்பட்டி பழனியம்மாள், க/பெ ராஜு.
கொண்டலாம்பட்டி பழனியம்மாள், த/பெ ராஜு.
ஒருத்திக்குச் சர்க்கரை.
மற்றவளுக்குப் பென்சிலின் ஆகாது.
ஓர் எழுத்து அழிந்தால்
புருஷன் அப்பனாகிவிடுவான்,
மருந்து விஷமாகிவிடும்.

அதனால் கம்ப்யூட்டர் வந்தபோது சந்தோஷப்பட்டேன்.
ஆளுக்கொரு எண், மணிக்கட்டில் பட்டை,
பட்டையில் யாருக்கும் படிக்கத் தெரியாத கோடுகள்.
கோயமுத்தூரிலிருந்து வந்த பையன்
இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தான்.
பாஸ்வேர்டு பற்றி ஆரம்பித்தபோது டீ வந்துவிட்டது.

மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினேன்.
எமர்ஜென்சியில் இன்னொரு சீட்டு,
லேபில் ஒன்று,
பார்மசியில் சுவரிலேயே பேனாவால்.
"தவமணியக்கா பேர்ல உள்ள போங்க" என்பார்கள்,
வழி கேட்டவருக்குக் குறுக்குச் சந்து காட்டுவதுபோல.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

பிறகு ஒரு பெண் வந்தாள், மலையிலிருந்து.
நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை.
பெயர் சொல்லமாட்டேன்.
என்ன சோதனை என்பதையும்.
மறுநாள் முதல் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
முடிவை வாங்க அவள் வந்துசேருமுன்
மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது அது,
யாரோ போனில் எடுத்த படமாக.
படத்தின் ஓரத்தில்
மஞ்சள் சீட்டும் பாதி தெரிந்தது.

விசாரணை.
கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தது:
இரவு 2.14. திறந்தவர்: தவமணி.
இரவு 2.16. மூடியவர்: தவமணி.

2.14க்குத் தவமணி
கன்னங்குறிச்சியில் கொசுவலைக்குள்
ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
சாட்சிக்கு வலைக்கு வெளியே நின்ற கொசுக்களைத்தான் கூப்பிட வேண்டும்.

"நீங்க இல்லன்னு தெரியும்மா" என்றார் நிர்வாகி.
"யாருன்னுதான் தெரியல."
அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள்
நாற்பத்தேழு பேர் நின்றார்கள்.
ஒவ்வொருவருக்கும் நான் சிரித்துக்கொண்டே
எழுத்தெழுத்தாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

இப்போது ஆளுக்கொரு பெயர்.
மூன்று தரம் தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்.
லேபுக்கு பில் தெரியாது,
பில் கவுண்டருக்கு நோய் தெரியாது.
சீட்டுகளை நானே போய்ச் சுரண்டினேன்.
பசை மட்டும் வரவில்லை,
தூசி ஒட்டிக் கறுப்பாகக் கிடக்கிறது.

நடுராத்திரியில் நர்ஸ் ரோஸ்லின் கூப்பிடுகிறாள்:
"என்னோடது லாக் ஆயிடுச்சுக்கா.
அவசரம். உங்களதைச் சொல்லுங்க."
அவசரம்தான், பொய்யில்லை.
பின்னால் ஆம்புலன்ஸ் கத்துவது கேட்கிறது.
ராத்திரி ட்யூட்டி ஐ.டி. பையனின் நம்பரைச் சொல்கிறேன்.
"மாறிட்டீங்கக்கா" என்று வைத்துவிடுகிறாள்.
அப்புறம் எனக்கெங்கே தூக்கம்.

நேற்று அவள் வந்திருந்தாள்.
எல்லாத் தாளும் வேண்டுமாம்,
வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம்.
எண்ணைக் கேட்டேன். பெயர் கேட்கவில்லை.
திறந்தேன்.
திரையின் அடியில் சின்ன எழுத்தில்
இதுவரை திறந்தவர்கள் வரிசை:
இன்று காலை 10.40, தவமணி.
சில வரி தள்ளி, மறுபடி தவமணி.
பிரிண்டர் இரைந்துகொண்டிருந்தது.
அவள் கண் அங்கே போகுமுன்
திரையைக் கொஞ்சம்
என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.