மணிக்கூட்டுக் கடையில் ஞாயிறு

வாசலிலேயே நேரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.
அதுதான் அந்தக் கடைச் சட்டம்.
கைமணிக்கூடு, போன், எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
சுகிர்தா தன் சட்டையில் குத்தியிருந்த
தாதி மணிக்கூட்டைக் கழற்றினாள்.
உலகத்துக்குத் தலைகீழ் அது.
குனிந்து பார்க்கும் அவளுக்கு மட்டும் நேர்.

வின்னிபெக். மாசி. சைபருக்குக் கீழே இருபத்தேழு.
வெளியே எங்கள் கார்கூட
வயர் பூட்டிய நோயாளியாய்க் கிடக்கிறது.
உள்ளே முந்நூறு மணிக்கூடுகள்,
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.
கழிப்பறைக்குப் போகும் வழியில் விடியற்காலை நாலு,
கல்லாவுக்கு மேலே ஐந்தேகால்,
எங்கள் மேசைக்கு நேரே
பாதிக் கதவில் சிக்கிய ஒரு மரக்குயில்
கூவவும் முடியாமல், திரும்பவும் முடியாமல்.

சாப்பாட்டுக்குப் பெயர் இல்லை, நேரம்தான்.
ஏழு பத்து என்றால் முட்டை இரண்டு, பொரித்த உருளைக்கிழங்கு.
பதினொன்றரை என்றால் பான்கேக்.
ஆறு முப்பது, சூப்பும் இறைச்சிப் பையும்.
"எனக்கு ஏழு பத்து" என்றேன்.
"எனக்கு ஆறு முப்பது."
"காலையா, மாலையா?" என்றான் பரிமாறுகிற பொடியன்,
எல்லா மேசையிலும் விடுகிற பகிடி.
அவள் யோசித்தாள்.
உண்மையாகவே யோசித்தாள்.

இந்த வேளைச் சாப்பாட்டுக்குத் தமிழில் சொல் இல்லை.
காலைக்குப் பிந்தி, மத்தியானத்துக்கு முந்தி,
எனக்கு முதல் பசி, அவளுக்குக் கடைசிப் பசி.
எங்கள் வீட்டில் அதன் பெயர்
'இரண்டு பேரும்.'

மற்ற நாட்களில்
விடிய நாலரைக்கு நான் பஸ் எடுக்கப் போவேன்.
ஏழரைக்கு அவள் முதியோர் இல்லத்திலிருந்து வருவாள்.
நான் விட்டுப்போன சூட்டில் அவள் படுப்பாள்
என்று எழுத ஆசைதான்.
மூன்று மணி நேரத்தில் கட்டில் ஆறிவிடும்.
பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்ற
அவள் சப்பாத்தைப் போடுவாள்.
ஆறு முப்பத்தைந்துக்குக் கதவு.

என் முட்டையில் பாதி அவள் தட்டுக்குப் போனது.
அவளுடைய பையின் மேலோடு எனக்கு.
குளிர்பெட்டி சத்தம் போடுகிறதாம், அதைப் பேசினோம்.
அவளுடைய தங்கைக்கு மறுமொழி போடவில்லையாம், அதையும்.
வசனத்தின் நடுவில்
முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடியே நித்திரையானாள்.

சுவரில் ஒன்பது அடித்தது. பிறகு இரண்டு.
பிறகு யாரோ பன்னிரண்டை முழுதாக அடித்து முடித்தார்கள்.
அவள் அசையவில்லை.
பக்கத்து மேசைப் பிள்ளை
கோப்பிக்கு அழைக்கும் சின்ன மணியைத் தட்டியது,
ஒரே ஒரு தரம்,
டிங்.

"இந்தா வாறன், மிஸஸ் மெல்னிக்."
கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டாள். கண் திறக்கவில்லை.

மிஸஸ் மெல்னிக்கின் கட்டிலுக்கு
வியாழக்கிழமை புது விரிப்புப் போட்டார்கள்.
அதை எனக்குச் சொன்னது
கதவடியில், ஒரு சப்பாத்தோடு.

நான் அவள் தோளைப் பிடித்து இருத்தினேன்.
தமிழில்தான் சொன்னாள்.
அந்த அம்மாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்,
மணி திரும்ப அடிக்கவில்லை.
அல்லது, பொடியன் ஓடிவந்து
அந்த மணியைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துப் போனதாலும் இருக்கலாம்.
அவனுக்கு டிப்ஸ் கூட வைத்தேன்.

வெளியேறும்போது டின்னைத் திறந்து
அவள் மணிக்கூட்டை நானே குத்திவிட்டேன்.
குளிரில் மரத்த விரல் இல்லை, ஆனாலும் இரண்டு தரம் தவறியது.
நிமிர்ந்து பார்த்தால்
முள்ளிரண்டும் ஆறு முப்பத்தைந்தில்.
நெஞ்சு ஒருக்கால் நின்றுபோனது.
"வெளிக்கிட்டு... உனக்கு நேரமாச்சு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.
"பன்னிரண்டு ஐந்துதான்,
நீங்கள் அந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்" என்றாள்
கொட்டாவியோடு.