கொசு

வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில்
எடைமேடைக்கு மென்பொருள் செய்கிறோம்.
நெல் லாரி ஏறும், எண் விழும், ரசீது வரும்.
என் வேலை அதன் கையேடு.
இருநூற்றுப் பதினாறு பக்கம். எழுதிய பொன்னுலிங்கம்
ஐப்பசியில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

முதல் பக்கத்திலேயே "வணக்கம்" என்று இருந்தது.
வணக்கத்துக்கு எதற்கு மேற்கோள்?
யார் சொன்ன வணக்கத்தை யார் எடுத்துச் சொல்கிறார்?

அப்புறம், "சேமி" பொத்தானை அழுத்தவும்.
"அச்சுப்பொறி"யை இணைக்கவும்.
"நிகர எடை" திரையில் தெரியும்.
நெல் கொண்டுவந்தவர் இதைப் படித்தால்
வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.
நிகர எடை என்றால் நிகர எடை.
அதன் இருபுறமும் சொட்டு வைப்பது
தராசுத் தட்டில் சுண்டுவிரல் வைப்பது.

முக்கூடலிலிருந்து ஞானதுரை என்றொரு கணக்கர்
கடவுச்சொல்லை மேற்கோளோடு அடித்து அடித்து
ஒரு காலைப்பொழுது முழுக்க உள்ளே போக முடியாமல்
போனில் கேட்டார்:
புக்குல போட்டிருக்க மாதிரிதான அடிக்கேன்,
அந்தக் கொசுவையும் சேத்து அடிக்கணுமா, வேண்டாமா?

அன்றிலிருந்து எனக்கும் அது கொசுதான்.

ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அழிச்சிரலாமே
என்றான் ஆவுடையப்பன்.
முடியாது.
கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால்
"எடை ரசீது" என்றுதான் கணினிக்குப் புரியும்.
தாள் சுருள் 3" அகலம் என்ற இடத்தில்
அந்த இரண்டு சொட்டு, அங்குலம்.
ஒவ்வொன்றாக நின்று, முகம் பார்த்து
அடிக்க வேண்டிய கொசு இது.

மார்கழி முழுக்க அடித்தேன்.
கண் அதிலேயே பழகி
சாலையில் போனாலும் "சுத்தமான" நெய் என்ற பலகையில்
விரல் தானாக அழிப்பானைத் தேடும்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடி.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஒவ்வொரு எடையும் "தானாகவே" சேமிக்கப்படும்
என்றிருந்ததும் அதில் ஒன்று.
எத்தனையாவது என்று நினைவில்லை.

மாசிக் கடைசி, பிசான அறுவடை.
வீரவநல்லூர் ஆலையில் ராத்திரி கரண்ட் போயிற்று.
வந்தபோது திரையில் பதினோரு லாரியின் எடை இல்லை.
வெளியே பதினோரு பேர்,
நெல்லோ ஏற்கெனவே ஒரே குவியல்.

எடைமேடையில் இருந்த மரியசெல்வி கத்தவில்லை.
புதுப் புக்குல தானாகவேன்னு போட்டிருக்குல்லா, என்றாள்.
பழசுல கொசு இருந்துச்சு.
அதப் பாத்தா நம்பிக்கை வராது.
அதனால நானே அமுக்கிக்கிட்டு இருந்தேன்.

பொன்னுலிங்கம் இப்போது தூத்துக்குடியில், உப்புக் கம்பெனியில்.
போனை எடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பின்னால் லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம்.

அது சேமிக்காதும்மா.
மூணு தடவ சொன்னேன்.
அந்த வரி இருந்தாத்தான் சரக்கு விக்கும்னு சொன்னாவ முதலாளி.
சரி, இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் வேலி கட்டுனேன்.

மத்ததுக்கெல்லாம் எதுக்கு?

அது ஒண்ணு மட்டும் தனியாத் தெரியக்கூடாதுல்லா.

ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று
ஒன்றை மறைக்க.
உமியை ஊதுகிறேன் என்று
விதைநெல்லையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.

மறுபடி அந்தக் கொசுவை வைக்க மனம் வரவில்லை.
எழுதினேன்:
எடை தானாகச் சேமிக்கப்படாது.
ஒவ்வொரு லாரி இறங்கியதும் சேமி பொத்தானை அழுத்தவும்.
மின்சாரம் போனால் அதுவரை சேமிக்காதது போய்விடும்.

சாயங்காலம் முதலாளியிடமிருந்து திரும்பி வந்தது.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
கொஞ்சம் கடுமையாக இருக்கிறது.
சேமிக்கப்படாது என்பதை மட்டும்
மேற்கோளில் போடலாமே?

கீழே பாளை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம்.
மின்விசிறி ஒருமுறை தயங்கிச் சுற்றியது.
வேண்டாம் என்று பதில் எழுதி
கரண்ட் போவதற்குள்
சேமித்தேன்.