யூஜின் போனில் ஒலிக்கிறது

கண்ணாடி மூன்று இடத்தில் விண்டிருக்கிறது.
வலது மேல் மூலையில் விரல் வைத்தால் உணராது,
பக்கவாட்டில் சாய்த்தால்தான் பாட்டு மாறும்.
சிம் இல்லை.
முதுகு வீங்கிப்போன பேட்டரியை
குன்னூர் பெட்போர்டில் மன்சூர் மாற்றிக் கொடுத்தான்.
"பேசறதுக்கா அக்கா?"
"பாடறதுக்கு" என்றேன்.

யூஜின் விட்டுப்போன போன்.
ஸ்ரீபெரும்புதூரில் புதுப் போன்களுக்குத்
திருகாணி மாட்டும் வேலை கிடைத்ததும்
இதை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.
கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான்.
நானும் ஒன்று சொன்னேன்.
பங்குனி போய் ஐப்பசி வந்துவிட்டது.
இரண்டு வார்த்தையும் இன்னும் வாசலில்
செருப்பு மாதிரி கிடக்கின்றன.

சர்ச்சில் ஏலம் விட்ட ஆம்ப்ளிஃபையர், எண்ணூறு ரூபாய்.
அதன் முதுகில் ஒரு ஒயர்,
ஒயரின் மறுமுனையில்
கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவே நிற்கிறது போன்.
காட்டுமாடு கேபிளை இழுத்துப் போடாத நாட்களில்
வைஃபை வரும்.
வந்தால் கேத்தி பாலாடா முழுக்கக் கேட்கட்டும் என்று வைப்பேன்,
ரோசாலின் சுவரைத் தட்டும்வரை.

கேரட் கழுவும் மெஷினில் எனக்கு வேலை.
விடியக்காலம் மூன்று மணிக்கு லாரி வரும்,
தண்ணீர் ஊசி ஊசியாகக் குத்தும்.
அப்படி ஊறிச் சுருங்கிய விரலை
இந்தக் கண்ணாடி விரலாகவே மதிப்பதில்லை.
வாயருகே வைத்து ஊதி
ஸ்வெட்டரில் தேய்த்து
திரும்பத் தொட வேண்டும்,
நான்தான், நான்தான் என்று.

பாட்டுக்கு மாதாமாதம் என் கணக்கில்தான் பிடிக்கிறார்கள்.
ஒரே கணக்கு. ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் பாடும்.
இது எனக்குத் தெரியாது.
ஒருநாள் ராத்திரி பத்து ஐம்பதுக்கு
சரணத்தின் நடுவில் பாட்டு நின்றது.
கரண்ட் இருந்தது. வைஃபை இருந்தது.
திரையில் ஒரு வரி:
யூஜின் போனில் ஒலிக்கிறது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து
காதில் மாட்டிக்கொண்டிருக்கிறான்.
மறுநாளும் பத்து ஐம்பது.
அதற்கடுத்த நாள் பத்து ஐம்பத்திரண்டு.
ஞாயிற்றுக்கிழமை பகலில் நிற்கும், துணி துவைக்கிறான் போல.
பாட்டு நின்ற பிறகுதான் தட்டை எடுப்பேன்.
பிள்ளை வந்து பிடுங்கட்டும் என்றே
பாட்டைப் போட்டு வைக்கிறவள்
இந்த மலையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை.

பதினொன்று. பதினொன்றரை.
என் பட்டியல் தீர்ந்து
போன் தானாகவே ஏதேதோ எடுத்துப் பாடியது,
நான் கேட்டே இராத கல்யாணப் பாட்டு,
ஒரு நாதஸ்வரம்,
சிரித்துக்கொண்டே பாடும் ஒரு பெண்.
ரோசாலின் தட்டினாள். நான் குறைக்கவில்லை.
கதவைத் திறந்தால் பனி தெருவிளக்கைத் தின்றுகொண்டிருந்தது.
ரசம் ஆறி மேலே ஆடை கட்டியது.
அவன் நம்பர் எனக்கு மனப்பாடம்.
ஒன்பது எண் அழுத்தினேன், இரண்டு தரம்.

ஒன்று ஐந்துக்கு
அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருக்கும்போதே
பாட்டு அறுந்தது.

அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
ஓவர்டைமாக இருக்கும். பஸ் பஞ்சராகியிருக்கும்.
கோபம் அப்புறம்தான் வந்தது.
எழுந்து விரலை ஊதி
அழுத்தினேன்.
இங்கே பாடியது. அங்கே நின்றிருக்கும்.
பத்து விநாடி.
அங்கே பாடியது. இங்கே நின்றது.
மறுபடி நான்.
மறுபடி அவன்.
ஏழு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஐந்தாம் முறை நான் அழுத்தியபோது
அவன் எடுத்துக்கொள்ளவில்லை.
விட்டுக்கொடுத்தானா,
காதில் ஒயரோடு தூங்கிப்போனானா,
அந்த ஒரு வரித் திரையில் அதெல்லாம் வராது.
பாட்டு முழுசாக ஓடி முடிந்தது.
அடுத்தது தொடங்கியது.

லாரி வளைவில் ஹாரன் அடித்தான்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு
பாட்டை நிறுத்தாமலே கதவைச் சாத்தினேன்.
எழுந்ததும் அவனுக்கு வேண்டியிருக்கும்.
பிடுங்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டாமா.